ஒரே கணக்கு தெரிந்த பெட்டி

நீளம் 35 சென்டிமீட்டர், உயரம் ஒரு ஜாண்கூட இல்லை. அலுமினியக் கூடு. முன்னால் இருக்கும் விசிறி காற்றை உள்ளே இழுக்கும், பின்னால் இருப்பது சூடான காற்றை வெளியே தள்ளும். இரண்டும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். கூட்டைக் கழற்றினால் மூன்று பலகைகள் அடுக்காக நிற்கும். பலகைக்கு 63 சிப், ஆக மொத்தம் 189. ஒவ்வொரு சிப்புக்குள்ளும் ஒரே மாதிரியான 114 கணக்கிடும் பகுதிகள். சிப்புகளின் சூட்டை இறக்க மேலே வரிசை வரிசையாகச் சிறு அலுமினியத் துண்டுகள் ஒட்டியிருக்கும். நாளாக நாளாக அந்தத் துண்டுகளில் ஒன்று கழன்று விழுந்து பலகையையே கெடுத்துவிடும் என்பது பழுது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 32 யூனிட் மின்சாரம் குடிக்கும் இந்தப் பெட்டியின் பெயர் ஆன்ட்மைனர் எஸ்9. 2016-இல் பெய்ஜிங்கின் பிட்மெயின் நிறுவனம் வெளியிட்டது. ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக அதிகமாக ஓடிய பிட்காயின் மைனிங் இயந்திரம் இதுதான்.

செய்கிற வேலை எளிது. பிட்காயின் பரிமாற்றங்களை ஒரு கட்டாகக் கட்டி வைப்பதற்கு பிளாக் என்று பெயர். அந்த பிளாக்கின் தலைப்பு 80 பைட். அதன் கடைசி நான்கு பைட்டில் ஏதாவது ஓர் எண்ணை வைத்து, மொத்தத்தையும் ஷா-256 என்ற கணக்கில் இரண்டு முறை ஓட்ட வேண்டும். வெளியே வரும் விடை, வலைப்பின்னல் அப்போதைக்குக் குறித்து வைத்திருக்கும் அளவைவிடச் சிறியதாக இருந்தால் அந்த பிளாக் உங்களுடையது, பரிசும் உங்களுக்கு. இல்லையென்றால் எண்ணை மாற்றி மறுபடி முதலிலிருந்து. நான்கு பைட்டில் சுமார் 429 கோடி எண்கள் அடங்கும். எஸ்9 அத்தனையையும் ஒரு நொடியின் மூவாயிரத்தில் ஒரு பங்குக்குள் முயன்று முடித்துவிடும். நொடிக்கு 13.5 லட்சம் கோடி முயற்சிகள். அநேகமாக எல்லாமே வீண். வீணாவதில்தான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே இருக்கிறது: கணக்குப் புத்தகத்தைத் திருத்த நினைப்பவன் இதே அளவு மின்சாரத்தைச் செலவழித்தாக வேண்டும், அது கட்டுப்படியாகாது. வங்கி மேலாளர் இல்லாத இடத்தில் மின்கட்டணம் காவலுக்கு நிற்கிறது.

கிரிப்டோ நாணயங்களை ஓட்டுவது லாபமா, தொழில்நுட்பமா என்று பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விவாதம் நடக்கிறது. மேடையில் பேசுபவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் இதற்கு முடிவு கிடையாது. இந்தப் பெட்டி எங்கே பிறந்தது, எந்த ஊருக்கெல்லாம் லாரியிலும் கப்பலிலும் போனது, யார் எதற்காக நிறுத்தினார்கள் என்று பின்தொடர்ந்து போனால் விஷயம் ஓரளவு பிடிபடும்.

முதலில் இதன் முன்னோர்கள். சதோஷி நகமோட்டோ என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் 2008 அக்டோபர் 31 அன்று ஒன்பது பக்கக் கட்டுரையொன்றை வெளியிட்டார். 2009 ஜனவரி 3 அன்று முதல் பிளாக் உருவானது. அப்போது மைனிங்குக்குத் தனி இயந்திரம் கிடையாது. மேசையில் இருக்கும் சாதாரணக் கணினியின் ப்ராசஸர் போதும், ஒரு ப்ராசஸருக்கு ஓர் ஓட்டு என்பதே அந்தக் கட்டுரையின் கணக்கு. ஆனால் ஒரு பிளாக்குக்கு 50 காயின் பரிசு என்று வைத்த மறு நிமிடமே, அடுத்தவனைவிட வேகமாக முயல வேண்டும் என்ற ஆசையையும் அவரே விதைத்துவிட்டார். வீடியோ கேமுக்காகச் செய்த கிராஃபிக்ஸ் கார்டுகள் இந்தக் கணக்கைப் பல மடங்கு வேகமாகப் போடும் என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. புதிதாக வருபவர்களும் சாதாரணக் கணினியோடு கலந்துகொள்ளும் நிலை நீடிக்கட்டும், கார்டுப் போட்டியை முடிந்தவரை தள்ளிப்போடுவோம், இது நமக்குள் கனவான்களின் ஒப்பந்தமாக இருக்கட்டும் என்று 2009 டிசம்பரிலேயே சதோஷி கேட்டுக்கொண்டார். கனவான்கள் ஓர் ஆண்டுகூடத் தாங்கவில்லை. ஃபுளோரிடாவில் இருந்த லாஸ்லோ ஹன்யெச் முதலில் கார்டைப் பூட்டியவர்களில் ஒருவர். 2010 மே 22 அன்று 10,000 காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கியதாக இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுபவர் அவர்தான். அவ்வளவு காயின் கையில் புரண்டது எப்படி என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கார்டுக்கு அடுத்த படி, இந்த ஒரே கணக்குக்கென்று வடிவமைத்த ஏசிக் எனப்படும் தனிச் சிப். சீனாவின் கானன் நிறுவனத்தின் அவலான் இயந்திரம் 2013 ஜனவரியில் முதல் வாடிக்கையாளர் கைக்குப் போனது. அமெரிக்காவில் பட்டர்ஃபிளை லேப்ஸ் என்ற கம்பெனி அதற்கு முன்பே முன்பணம் வசூலிக்கத் தொடங்கியிருந்தது. பெட்டிகளோ மாதக்கணக்கில் வந்து சேரவில்லை. வாடிக்கையாளர் பணத்தில் செய்த இயந்திரங்களைத் தானே ஓட்டிக் காயின் எடுத்துக்கொண்டது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி 2014 செப்டம்பரில் அதை மூட வைத்தது. குற்றச்சாட்டின் ருசியைக் கவனிக்க வேண்டும். அச்சடித்தால் பணமாகும் இயந்திரத்தைச் செய்கிறவன் அதை ஏன் உங்களுக்கு விற்கிறான் என்ற கேள்வி இந்தத் தொழிலின் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டது.

பிட்மெயின் இதற்கு வேறு விடை வைத்திருந்தது: விற்பதிலேயே பெரும் பணம் இருக்கிறது. 2013-இல் அதைத் தொடங்கியவர்கள் இருவர். ஜிஹான் வூ முதலீட்டுத் துறையிலிருந்து வந்தவர். மிக்ரீ ஜான் சிப் வடிவமைப்பாளர். அந்த ஆண்டு நவம்பரில் வந்த முதல் மாடல் எஸ்1 நொடிக்கு 18,000 கோடி முயற்சிகள் செய்தது. மூன்றே ஆண்டுகளில் எஸ்9 அதைப்போல 75 மடங்கு. சிப்பை அச்சிட்டுக் கொடுத்தது தைவானின் டிஎஸ்எம்சி, அப்போது கைப்பேசிகளுக்குப் போய்க்கொண்டிருந்த அதே 16 நானோமீட்டர் முறையில். ஹாங்காங் பங்குச்சந்தையில் நுழைவதற்காக 2018 செப்டம்பரில் பிட்மெயின் கொடுத்த ஆவணத்தைப் பார்த்தால் 2017-இன் வருமானம் சுமார் 250 கோடி டாலர், 2018-இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் 280 கோடி. அதில் 94 சதவீதம் பெட்டி விற்ற காசு.

மூன்று ஆண்டில் 75 மடங்கு என்பது எந்தப் பொறியாளரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். அப்படியானால் பிட்காயின் அனுப்புகிறவருக்கு அந்த வேகத்தில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது?

ஒன்றும் போய்ச் சேரவில்லை. சேரவும் சேராது. 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வலைப்பின்னல் தன் கணக்கின் கடினத்தைத் தானே திருத்திக்கொள்ளும். இயந்திரங்கள் கூடினால் கடினமும் கூடும். நோக்கம் ஒன்றே: எத்தனை பேர் வந்தாலும், எந்தப் பெட்டியோடு வந்தாலும், பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக்தான். ஒரு கிராமத்தில் ஒருவர் 300 அடிக்கு போர் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் 500 அடி போகிறார், மூன்றாமவர் 800. நிலத்தடியில் இருப்பது பழைய தண்ணீர்தான். ஆழம் போனவர் கொஞ்ச நாள் அதிகம் இறைப்பார், மற்றவர்களும் ஆழம் போனதும் பங்கு பழையபடி ஆகிவிடும். ஊருக்கு ஒரு குடம்கூட அதிகம் கிடைத்திருக்காது. ரிக் வண்டிக்காரர் மட்டும் மச்சு வீடு கட்டியிருப்பார்.

2016-இன் நடுவில் உலகத்து மைனிங் இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து செய்த முயற்சிகளைப்போல 2024-இல் ஏறத்தாழ 400 மடங்கு நடந்தது. பிளாக் அப்போதும் பத்து நிமிடத்துக்கு ஒன்று, இப்போதும் பத்து நிமிடத்துக்கு ஒன்று. வலைப்பின்னல் நொடிக்குத் தாங்கும் பரிமாற்றங்கள் அன்றைக்கும் ஒற்றை இலக்கம், இன்றைக்கும் சாதாரணமாக ஒற்றை இலக்கம். எஸ்9 ஒரு குறிப்பிட்ட அளவு வேலைக்கு 98 அலகு ஆற்றல் எடுத்தது. 2020-இல் வந்த எஸ்19 ப்ரோ அதே வேலையை 30 அலகில் முடித்தது, அதற்கடுத்த எஸ்21-க்கு 17.5 போதும். இப்படி மிச்சமான மின்சாரம் வேறெங்கும் போகவில்லை, இன்னும் அதிகப் பெட்டிகள் வாங்கி அதே பரிசுக்கு மோதவே போனது. ஆண்டுக்கு 10,000 கோடி யூனிட்டுக்கும் மேல் பிட்காயின் எடுக்கிறது என்பது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் மதிப்பீடு.

பாதுகாப்பு கூடுகிறதே என்று ஒரு பதில் உண்டு. நியாயமான பதில்தான், பாதி தூரம் வரை. புத்தகத்தைக் கெடுக்க நினைப்பவனும் கடையில் அதே புதுப் பெட்டியைத்தான் வாங்கப்போகிறான். ஆகவே காவலின் பலம் எத்தனை கோடி டாலர் அதில் கரைகிறது என்பதைப் பொறுத்தது. சிப் எவ்வளவு நுணுக்கமானது என்பதால் பலம் மாறாது. 2009-இன் மேசைக் கணினிகளையே இன்றைக்கும் எல்லோரும் வைத்துக்கொண்டு இதே பணத்தைச் செலவழித்தால் பிட்காயின் இதே அளவு பத்திரமாக இருக்கும். கைப்பேசியில் நல்ல சிப் வந்தால் படம் தெளிவாகிறது, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் வேகமாகிறது. இங்கே நல்ல சிப் வந்தால் அடுத்தவனின் சிப் பழைய இரும்பாகிறது.

2017 எஸ்9-க்கு ராஜயோகம். ஒரு பிளாக்குக்கு 12.5 காயின், நாளைக்கு 144 பிளாக், ஆக 1,800 காயின். டிசம்பரில் ஒரு காயின் 20,000 டாலரை நெருங்கியபோது தினம் மூன்றரைக் கோடி டாலர் பங்குபோட்டுக்கொள்ளக் கிடந்தது. அதே டிசம்பரில், நெரிசலால் ஒரு பரிமாற்றத்தை அனுப்பச் சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியது. பத்து டாலர் அனுப்ப ஐம்பது டாலர். விலை உச்சத்தில் இருந்தபோது உபயோகம் பாதாளத்தில் இருந்தது, அந்த மாதத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு.

நெரிசலைக் குறைக்க வழி தேடியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். செக்விட் என்ற திருத்தம் அதற்காகத்தான் வந்தது. 2017 ஏப்ரலில் பிட்காயின் நிரலாளர் கிரெகரி மேக்ஸ்வெல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஏசிக்பூஸ்ட் என்றொரு குறுக்கு வழி உண்டு. கணக்கின் ஒரு பகுதியை மறுபடி மறுபடி செய்யாமல் தப்பித்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவது. அதை வெளியே தெரியாமல் செய்யும் முறை செக்விட் வந்தால் வேலை செய்யாது, அந்தத் திறன் ஒரு பெரிய தயாரிப்பாளரின் சிப்பில் இருக்கிறது என்றார். அந்தத் திறன் தங்கள் சிப்பில் இருப்பதை பிட்மெயின் ஒப்புக்கொண்டது. அசல் வலைப்பின்னலில் அதைப் பயன்படுத்தியதில்லை என்று மறுத்தது. அதே மாதம் இன்னொன்றும் வெளியே வந்தது: ஆன்ட்மைனர்களின் உள்நிரல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிட்மெயினின் சர்வரைக் கூப்பிடுகிறது, சர்வர் வேண்டாம் என்றால் பெட்டி நின்றுவிடும். திருட்டுப்போன பெட்டியை உரிமையாளர் நிறுத்துவதற்காக எழுதத் தொடங்கி, முடிக்காமல் விட்ட வசதி அது என்று கம்பெனி விளக்கம் கொடுத்து நீக்கியது. உள்நோக்கம் இருந்ததோ இல்லையோ, யாரையும் நம்பத் தேவையில்லாத பணம் என்று பெயர் வாங்கியதன் பெரும்பங்கு இயந்திரங்களுக்குள் ஒரே கம்பெனியின் சாவித்துவாரம் இருந்திருக்கிறது. செக்விட் ஆகஸ்டில் அமலானது. அதற்கு மூன்று வாரம் முன்பே, பெரிய பிளாக்குதான் வேண்டும் என்றவர்கள் பிரிந்துபோய் பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஜிஹான் வூ அந்தப் பக்கம்.

2018-இன் கடைசியில் காயின் 3,200 டாலருக்கு இறங்கியது. கரண்ட் பில்லுக்குக்கூட வருமானம் போதவில்லை என்று சீனாவில் லட்சக்கணக்கான பெட்டிகள் அணைக்கப்பட்டன. பழைய மாடல்கள் எடைக்கு விலைபோனதாகச் செய்தி வந்தது. பிட்மெயினின் ஹாங்காங் விண்ணப்பமும் அடுத்த மார்ச்சில் காலாவதியானது.

அணைத்தவர்கள் எல்லோரும் உடைத்துப் போடவில்லை. இந்தப் பெட்டியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சிச்சுவானில் நடந்தது. சீனாவின் தென்மேற்கில், திபெத்தியப் பீடபூமியிலிருந்து ஆறுகள் செங்குத்தாக இறங்கும் மலை மாகாணம் அது. ஆற்றுக்கு ஆறு நீர்மின் நிலையம் கட்டிவிட்டார்கள். மின்சாரத்தை நகரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி அந்த அளவுக்குப் போடப்படவில்லை. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில் தண்ணீரை மின்சாரமாக்காமல் சும்மா திறந்துவிட வேண்டிய நிலை. அங்கேதான் நீலத் தகரக் கூரை போட்ட கொட்டகைகள் முளைத்தன. சுவர் முழுக்க இரும்பு ரேக், ரேக் முழுக்க எஸ்9. ஒரு பக்கத்துச் சுவரில் ஈரத்திரை, எதிர்ச்சுவரில் ஆளுயர விசிறிகள். மழைக்காலம் முடிந்து ஆறு வற்றும்போது பெட்டிகளைக் கழற்றி லாரியில் ஏற்றி, ஷின்ஜியாங்குக்கோ உள்மங்கோலியாவுக்கோ அனுப்புவார்கள். அங்கே நிலக்கரி மின்சாரம் ஆண்டு முழுக்க மலிவு. மே வந்தால் திரும்பவும் சிச்சுவான். கிடை மாற்றுவது மாதிரி ஆண்டுக்கு இரண்டு முறை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலைந்தன இந்தப் பெட்டிகள். பாதி வருடம் பசுமை, பாதி வருடம் கரி.

பசுமைப் பாதியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு 2021 ஏப்ரலில் பதில் வந்தது. ஷின்ஜியாங்கில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் சிக்கினார்கள். அதையடுத்த பாதுகாப்புச் சோதனைகளில் அங்கே மின்வெட்டு. உலகம் முழுவதற்குமான பிட்காயின் வலைப்பின்னலின் கணக்கிடும் வேகம் சட்டென்று சரிந்தது. எல்லை இல்லாத, யாராலும் நிறுத்த முடியாத பணத்தின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடித்துடிப்பு ஒரு கரிச் சுரங்கத்தில் இருந்தது.

இரண்டு மாதம்கூட அமைதி இல்லை. மே 21 அன்று சீனத் துணைப் பிரதமர் லியூ ஹெ தலைமையிலான குழு மைனிங்கை ஒடுக்கப்போவதாக அறிவித்தது. ஜூனில் சிச்சுவானும் மூடச் சொன்னது, அதுவும் மழைக்காலம் தொடங்கிய நேரத்தில். உலக மைனிங்கில் சீனாவின் பங்கு 2019 செப்டம்பரில் முக்கால்வாசியாக இருந்தது என்கிறது கேம்பிரிட்ஜ் கணக்கு, 2021 ஜூலையில் அதே கணக்கில் சுழி. ஜூலை 3 அன்று கடினம் ஒரே மூச்சில் 28 சதவீதம் இறங்கியது, பிட்காயின் வரலாற்றில் அவ்வளவு பெரிய இறக்கம் அதற்கு முன் இல்லை. பாதி உலகத்துப் பெட்டிகள் அணைந்துகிடந்தும் கணக்குப் புத்தகம் நிற்கவில்லை. கொஞ்ச நாள் பிளாக்குகள் தாமதமாக வந்தன, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒன்று. வடிவமைப்பின் உறுதிக்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்று ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள், அதில் தவறில்லை. அதே சம்பவத்தை நான் இப்படியும் படிக்கிறேன்: அந்தப் பாதி உலகத்துப் பெட்டிகள் அதுவரை பணம் அனுப்பியவர்களுக்காக ஓடவில்லை.

பெட்டிகள் கன்டெய்னர் ஏறின. பக்கத்திலேயே இருந்தது கஜகஸ்தான். எகிபாஸ்துஸ் போன்ற நிலக்கரி ஊர்களில் சோவியத் காலத்து மின்நிலையங்கள், மலிவான கட்டணம். 2021 ஆகஸ்டில் உலக மைனிங்கில் 18 சதவீதம் அங்கே. குளிர்காலம் வந்ததும் நாட்டுக்கே மின்சாரம் போதவில்லை. 2022 ஜனவரியில் எரிவாயு விலையேற்றத்தால் வெடித்த போராட்டத்தின்போது அரசு இணையத்தை முடக்கியது. இணையம் போனதும் பெட்டிகளும் ஊமையாயின. அந்த மாதக் கடைசியில் மைனிங் கூடங்களுக்கான மின்சாரத்தையே அரசு மின்தொகுப்பு நிறுவனம் துண்டித்தது.

பெரிய கூட்டம் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்கா, குறிப்பாக டெக்சாஸ். ராக்டேல் என்ற சிற்றூரில் அல்கோவா கம்பெனியின் அலுமினிய உருக்காலை 2008-இல் நின்றுபோயிருந்தது. உலைக்காக இழுத்த உயர்மின் அழுத்தக் கம்பிகள் சும்மா கிடந்தன. மைனிங்காரர்களுக்கு வேண்டியதும் அதுதான். அங்கே பெரும்பாலும் ஓடியது எஸ்9-இன் தம்பி எஸ்19. ரயட் என்ற கம்பெனியின் கூடம் அங்கேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் டெக்சாஸ் வெயிலில் காய்ந்தது, குளிர்சாதனங்கள் ஓடி ஓடி மின்தேவை எகிறியது. ரயட் தன் இயந்திரங்களை அணைத்தது. முன்பே மலிவு விலைக்குப் பேசி வைத்திருந்த மின்சாரத்தைத் திருப்பி விற்றதிலும், தேவைப்படும்போது அணைக்கத் தயாராக இருப்பதற்கான சன்மானத்திலும் அந்த ஒரு மாதத்தில் 3.17 கோடி டாலர் வரவு. ஓட விட்ட நேரத்தில் எடுத்த காயின் 333, அன்றைய விலையில் ஏறத்தாழ 90 லட்சம் டாலர். மைனிங் இயந்திரம் ஓடிச் சம்பாதித்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல், ஓடாமல் சம்பாதித்தது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் அதிகமுள்ள தொகுப்புக்கு இப்படி நினைத்தால் அணைக்கக்கூடிய வாடிக்கையாளர் உதவிதான் என்று கம்பெனிகள் சொல்கின்றன. உதவியாகவே இருக்கட்டும். அது மின்சார வியாபாரத்தின் சாமர்த்தியம். பணத்தின் தொழில்நுட்பம் அதில் எந்த மூலையில் இருக்கிறது? அதே மாநிலத்தில் கிரான்பரி ஊருக்கு வெளியே குடியிருப்பவர்கள், இரவு பகலாக விசிறி இரைச்சலில் தூங்க முடியவில்லை என்று ஆண்டுக்கணக்கில் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதை வைத்து, இந்தப் பேராசையால் தொழில்நுட்பத்துக்கு ஒரு துளி நன்மையும் இல்லை என்று முடித்தால் அது பொய்யாகிவிடும். மைனிங் சிப்புக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஒரே சிறு பகுதி நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சாகியிருப்பதால், அவற்றில் சில செத்துப் பிறந்தாலும் மீதி வேலை செய்யும். புதிய அச்சு முறையைப் பழகிப்பார்க்கும் தொழிற்சாலைக்கு இதைவிட நல்ல பயிற்சி ஓலை கிடைக்காது. வாங்குபவனும் தயார், விலையும் கிடைக்கும். சீனாவின் எஸ்எம்ஐசி, அமெரிக்கத் தடையால் நவீன அச்சு இயந்திரங்களை வாங்க முடியாமல் இருந்த நிறுவனம். அது 7 நானோமீட்டர் சிப் செய்துவிட்டது என்பதை 2022 ஜூலையில் கனடாவின் டெக்இன்சைட்ஸ் கண்டுபிடித்தது ஒரு பிட்காயின் மைனிங் பெட்டியைப் பிரித்துப் பார்த்துத்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எஸ்எம்ஐசியின் 7 நானோமீட்டர் சிப்போடு ஹுவாவேயின் மேட் 60 ப்ரோ கைப்பேசி வந்து வாஷிங்டனைத் திடுக்கிட வைத்தது. பணத்தை மாற்றப் பிறந்த இயந்திரம் பணத்தில் மாற்றியது கொஞ்சம், சிப் தொழிற்சாலையில் மாற்றியது அதிகம். அது யாருடைய திட்டத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு எதிர்ச்சான்று, எதேரியம் என்ற வேறொரு கிரிப்டோ நாணயம். அங்கேயும் கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்து மைனிங் நடந்தது. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2022 செப்டம்பர் 15 அன்று, ஓடிக்கொண்டிருக்கும் வலைப்பின்னலை நிறுத்தாமலேயே மைனிங்கை முழுக்க எடுத்துவிட்டு, காயினை ஈடாக வைப்பவர்கள் சரிபார்க்கும் முறைக்கு மாற்றினார்கள். மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அசல் பொறியியல் சாதனை. அது நடந்த விதத்தையும் பார்க்க வேண்டும்: கார்டு வைத்திருந்தவர்களை வெளியே அனுப்பித்தான் அந்த முன்னேற்றம் உள்ளே வந்தது. வெளியேறியவர்களில் ஒரு கூட்டம் பழைய முறையிலேயே ஓடும் ஒரு கிளை நாணயத்தைத் தொடங்கிப் பார்த்தது, மற்றவர்களின் கார்டுகள் பழைய சாமான் சந்தையில் குவிந்தன. பிட்காயினில் அப்படி யாரும் கேட்கவும் முடியாத அளவுக்கு இரும்பில் போட்ட முதல் பெரிது.

எஸ்9 இதற்கிடையில் பலமுறை செத்துப் பிழைத்தது. 2020 மே மாதம் பரிசு 6.25 காயினாகக் குறைந்தபோது இதன் கதை முடிந்தது என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு காயின் 60,000 டாலரைத் தாண்டியதும் பரண்களில் கிடந்த பெட்டிகள் எல்லாம் இறங்கி ஓடின. மைனிங் இயந்திரத்தின் சராசரி ஆயுள் 1.29 ஆண்டுதான், ஆண்டுக்கு 30,000 டன்னுக்கு மேல் மின்கழிவு என்று அலெக்ஸ் டி வ்ரீஸும் கிறிஸ்டியன் ஸ்டோலும் 2021-இல் கணக்கிட்டார்கள். கழிவு பெரிது என்பதில் சந்தேகமில்லை, ஆயுள் கணக்கை எஸ்9-ஏ பொய்யாக்கிவிட்டது. இந்த இயந்திரத்தைக் கொல்வது தேய்மானம் அல்ல, விலை. விலை ஏறினால் பிணமும் எழுந்து உட்காரும். மின்சாரம் இன்னும் மலிவாகக் கிடைக்கும் இடம் தேடிப் பெட்டிகள் பராகுவேக்கும் எத்தியோப்பியாவுக்கும் போயிருக்கின்றன. எத்தியோப்பியா நீல நைல் அணையின் மின்சாரத்தை மைனிங்காரர்களுக்கு டாலருக்கு விற்கிறது, அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். குளிர் நாடுகளில் சிலர் எஸ்9-இன் வேகத்தைக் குறைத்து, சத்தமில்லாத விசிறி மாட்டி, வீட்டுக்கு ஹீட்டராக வைத்துக்கொள்கிறார்கள். அது தரும் வெப்பம் அசல் வெப்பம், காயின் கிடைத்தால் கொசுறு. பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை லினக்ஸ் ஓடும் பொதுக் கணினி. அதை மட்டும் தனியாகக் கழற்றி மலிவு விலைக்கு விற்கிறார்கள், மின்னணுவியல் பழகுகிறவர்கள் வாங்குகிறார்கள். 189 சிப்புகளை அப்படி வாங்க ஆள் இல்லை.

2024 ஏப்ரலில் பரிசு மறுபடி பாதியாகி 3.125 ஆனது. ஜூன் தொடக்கத்தில், ஒருமுறை திவாலாகி எழுந்த கோர் சயன்டிஃபிக் என்ற பெரிய அமெரிக்க மைனிங் கம்பெனி, 200 மெகாவாட் அளவுக்கான தன் இடத்தை செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கு 12 ஆண்டு ஒப்பந்தத்தில் கோர்வீவ் நிறுவனத்துக்கு விட்டது. எதிர்பார்க்கும் வருமானம் 350 கோடி டாலருக்கு மேல். மின்கம்பி இருக்கிறது, துணைமின் நிலையம் இருக்கிறது, நிலம் இருக்கிறது. கூடத்தைத் திருத்திக் கட்ட வேண்டும், உள்ளே இருக்கும் மைனிங் பெட்டிகளை மட்டும் அப்புறப்படுத்தியாக வேண்டும், அந்தச் சிப்புகளுக்கு வேறு கணக்குத் தெரியாதே. மற்ற மைனிங் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போகத் தொடங்கின. அறிவிப்பு வந்ததும் கோர் சயன்டிஃபிக்கின் பங்கு விலை எகிறியது.